நிமிர்ந்து நின்ற பானை

அம்மா மண்டபம் ரோடு, ஸ்ரீரங்கம்
8.7.2025

என் அக்கா மலர்க்கொடி பெத்த பானுப்ரியாவுக்கு, தாய்மாமன் ரெங்கராஜ் எழுதுவது.

நான் இங்கே சுகம் என்று எழுதினால் பொய். நீ அங்கே சுகமா என்று கேட்டால் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுவ. அதனால ரெண்டையும் விட்டுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிற. நேத்து ஜமால் ஆட்டோவில் உன் வீட்டு மாடிப்படி வரைக்கும் வந்தேன். பக்கத்து வீட்டு பேட்ரிசியா அம்மாதான் இறங்கி வந்தாங்க. "உங்க குரலைக் கேட்டாலே குழந்தை நடுங்குது. போனும் வேண்டாம், நேர்லயும் வேண்டாமாம். சொல்றதைப் பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லுச்சு பானு"ன்னாங்க. ஏழாங்கிளாஸ் படிச்சவனை எழுதச் சொல்ற. பரவாயில்லை. எங்க காலத்து ஏழாங்கிளாஸ் இந்தக் காலத்து காலேஜுக்குச் சமம் என்று எங்க ஹெட்மாஸ்டரே ஒத்துக்கிட்டிருக்கார்.

நிற்க.

நடந்ததைச் சொல்றேன், கேட்டுக்க. அன்னைக்கு எனக்கும் உன் பொண்ணு குழலிக்குமா சின்னப் பானையில் சோறு பொங்கினேன். குக்கர்ல விசில் விட்டுக் களி கிண்டுற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். மந்திரி வீட்டுக் கல்யாணத்துல நான் வடிச்ச சோத்தைப் பார்த்துட்டு, இலையில போட்டிருக்கிறது சோறா மல்லிகைப்பூவான்னு மாப்பிள்ளை எழுந்து நின்னுட்டான். அந்தக் கை இது. சோறு வெந்ததும் பானை வாயைத் தட்டால மூடி, தரையில சட்டியை வச்சு, அது மேல பானையைச் சாய்ச்சுக் கஞ்சி வடிய விட்டேன். உங்கம்மா வடிச்சதும் இப்படித்தான்.

நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன், கண்ணை எடுக்கலை. அப்ப ஜன்னல் வழியா ஒரு பூனை. தெருப்பூனை இல்லை, கொள்ளிடக்கரைக் காட்டுப்பூனை. கன்னுக்குட்டி உசரம் இருக்கும். ஒரே பாய்ச்சல். நான் பறந்து போய்க் குறுக்கே விழுந்தேன். பாதிக் கஞ்சி என் மேல. மீதிதான் பிள்ளை கையிலயும் கால்லயும். சட்டி ஒரு மூலையில கிடக்கு, தட்டு ஒரு மூலையில கிடக்கு. பானை மட்டும் சிப்பாய் மாதிரி நட்டமா நிமிர்ந்து நிக்குது. ஒரு பருக்கை சிந்தலை. அது எப்படின்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

இதுல என் தப்பு என்ன, நீயே சொல்லு.

நீ ஜவுளிக்கடை வேலைக்குப் போனதும் அந்தப் பிள்ளையை ஆள் ஆக்கினது யார்? அடுப்புகிட்ட நான் போனாலே "மாமாத்தா, நானும் சமைப்பேன், நானும் சமைப்பேன்"னு வேட்டியைப் புடிச்சுக்கிட்டு வரும். வேலைக்காரப் பிள்ளை. டம்ளர் சாய்ஞ்சு கிடந்தா "டம்ளர் தூங்குது பாரு, எழுப்பி விடு"ன்னு சொல்லிக் குடுத்தது நான்தான். வீட்டுல எந்தப் பாத்திரம் சாய்ஞ்சிருந்தாலும் ஓடிப் போய் நிமிர்த்தி வச்சுட்டு, என் மூஞ்சியைப் பார்க்கும். நான் கை தட்டுவேன். அதுவும் தட்டும். வீடியோ எடுத்து அனுப்பினேனே, நீயும் கடையில எல்லார்கிட்டயும் காட்டினியே. மூணு வயசு ஆகலை, இந்த அறிவு எந்தப் பிள்ளைக்கு இருக்கு?

மாடிப்படி வரைக்கும் கூட்டிட்டு வா. தூரத்துல இருந்து பார்த்துட்டுப் போயிடுறேன். வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
ரெங்கராஜ், சமையல் மாஸ்டர்


மலைக்கோட்டை, திருச்சி
11.7.2025

மாமா,

"அன்புள்ள"ன்னு ஆரம்பிக்கப் பார்த்தேன். வரல.

கையில புதுத் தோல் வருது. கால்ல தழும்பு நிக்கும்னு டாக்டர் சொல்லிட்டார். அதைக்கூடத் தாங்கிக்கிறேன். அவ சோறு சாப்பிட மாட்டேங்கிறா மாமா. தட்டுல சோத்தைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுறா. நான் டீ ஆத்தினா ஆவி வருதுல்ல, அதைப் பார்த்துட்டுக் கத்துறா. பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான் உள்ள போகுது. இடுப்புல ஜட்டி நிக்க மாட்டேங்குது. விழுந்த பாத்திரத்தையெல்லாம் ஓடி ஓடி நிமித்துவாளே, இப்ப டம்ளர் சாய்ஞ்சு கிடந்தா அந்தப் பக்கமே போறதில்ல.

பேட்ரிசியா அக்கா ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அவளைப் பார்த்துக்குறாங்க. இந்த மாசம் வரைக்கும்தான் லீவு. அதுக்கப்புறம் பகல்ல அவளை யார்கிட்ட விடுவேன்? ஜவுளிக்கடையில எனக்கு உட்காரவே அனுமதி கிடையாது, குழந்தையை எங்க உட்கார வைக்கிறது? என் வீடு உங்களுக்குத் தெரியும். ஒரே ரூம். அடுப்படிக்குக் கதவு கிடையாது, சுவரும் கிடையாது, மேடை மட்டும்தான். அதனாலதான் உங்க வீட்டுல விட்டேன். அடுப்படி தனியா இருக்கு, பத்திரமா இருக்கும்னு நினைச்சேன்.

என் மாமியார் வள்ளிக்கண்ணு அத்தை தொட்டியத்துல இருந்து போன் பண்ணினாங்க. ஆடிப்பெருக்குக்கு வர்றாங்களாம். போகும்போது பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். ஸ்கூல்ல சேர்க்கிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டுமாம். மஸ்கட்ல இருந்து அவரும் "அம்மா சொல்றதுதான் சரி"ங்கிறார். எனக்கு மாசத்துல ரெண்டு நாள் லீவு. அந்த ரெண்டு நாள் மட்டும்தான் நான் அவளுக்கு அம்மா.

ஆஸ்பத்திரியில நீங்க பூனைன்னு சொன்னீங்க. நானும் அத்தைகிட்ட, அவர்கிட்ட எல்லாம் பூனைன்னே சொன்னேன். இப்ப உங்க கடிதத்தைப் படிச்சதும் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. உங்க அடுப்படி ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சது நான்தான். போன தீபாவளிக்கு, ஸ்டூல்ல ஏறி நின்னு என் கையால ஆணி அடிச்சேன்.

பூனை எந்த வழியா வந்துச்சு மாமா?

கூட்டாம குறைக்காம எழுதுங்க.

பானு


ஸ்ரீரங்கம்
14.7.2025

அம்மாடி பானு,

கொசுவலையைப் பத்திக் கேட்டிருந்த. நல்ல கேள்வி. பூனை ஜன்னல்ல வரலை, மேல ஓட்டு வழியா வந்துச்சு. அவசரத்துல ஜன்னல்னு எழுதிட்டேன். எதிர்வீட்டு அமிர்தசாமியும் பார்த்ததாச் சொல்றார். சொல்லலைன்னாலும் சொல்லுவார். அது கிடக்கட்டும்.

நீ ஒண்ணுக்கும் கலங்காத. அடுப்படியை இப்ப எப்படி ஆக்கி வச்சிருக்கேன்னு வந்து பார்த்தியானா, நம்ம சம்பந்திக்காரங்க தொட்டியத்தையே மறந்துடுவாங்க.

லால்குடியில இருந்து ஆசாரி வீரமலையை வரவழைச்சேன். பேங்கு லாக்கருக்கே கதவு போட்ட ஆளு. அடுப்படி வாசலுக்கு என் நெஞ்சு உசரத்துக்குப் பலகைக் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, மேல ஒரு கொக்கி. சிலிண்டரைக் கொல்லையில வச்சுச் சங்கிலி போட்டுட்டேன். அரிவாள்மணை, கத்தி, தேங்காய் துருவி எல்லாம் பரண்ல. அடுப்பு மேடையை இன்னும் ஒரு முழம் தூக்கிட்டேன். இப்ப குழலி இல்லை, குழலியோட புருஷன் வந்தாலும் அடுப்பு எட்டாது. வீரமலை பார்த்துட்டு, "ஐயா, மலைக்கோட்டையில இருக்கிற காவல் இங்கே இருக்கு"ன்னான்.

ஒரே ஒரு சின்னச் சங்கடம். அடுப்பு எனக்கும் எட்டலை. ஸ்டூல் போட்டுத்தான் நிக்கணும். முந்தாநாள் உள்ளேயிருந்து தாழ் விழுந்துக்கிச்சு, ஏறிக் குதிக்கப் போய் முட்டியில அடி. பெரிசா ஒண்ணும் இல்லை. ரெண்டு நாளா டீக்கடை பன்தான். அதுவும் நல்லாத்தான் இருக்கு.

பானு, ஒண்ணு சொல்றேன். உன் பொண்ணு வந்துக்கிட்டிருந்த வரைக்கும் இந்த வீட்டுல காலையில சத்தம் இருக்கும். அவளுக்குன்னு வாங்கின சின்னச் சப்பாத்திக்கட்டை மேடையிலேயே இருக்கு. அதுல காய்ஞ்ச மாவு ஒட்டிக்கிட்டிருக்கு, அதை நான் கழுவலை. ஏன் கழுவலைன்னு தெரியலை. அவளுக்குக் காது குத்தினது என் மடியில. வலிச்சப்ப அவ என் மீசையைத்தான் புடிச்சா, உன்னைக் கூப்பிடலை.

தொட்டியத்துக்கு அனுப்பிடாத. என் கோட்டையை வந்து ஒரு தடவை பாரு.

உன் மாமன்,
ரெங்கராஜ்


திருச்சி
19.7.2025

மாமா,

உங்க கோட்டை எனக்கு வேண்டாம். கதவு போட்டா ஏறுவா, பூட்டுப் போட்டா சாவி தேடுவா. அவ விளையாட வரல, வேலை செய்ய வந்தா. அது எனக்கு நேத்துதான் புரிஞ்சுது. எப்படின்னு சொல்றேன்.

நேத்து காலையில கடைக்குக் கிளம்புற அவசரத்துல என் கை பட்டு ஒரு டம்ளர் சாய்ஞ்சிடுச்சு. பச்சைத் தண்ணி. நான் எடுக்கக்கூட இல்ல, திரும்பிப் பார்க்கிறேன், அவ ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டுச் சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறா.

"நான் எழுப்பலமா. நான் எழுப்பல. குழலி நல்ல பொண்ணு, எழுப்பல."

"எதைடி எழுப்பல?"

"சோறு தூங்குச்சுமா. தரையில தூங்குச்சு. மாமாத்தா இல்ல. நான் எழுப்பினேன்."

நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அப்புறம் உங்க முதல் கடிதத்தை எடுத்துப் படிச்சேன். அதுல நீங்க எழுதினதுல எது நிஜம், எது கதைன்னு எனக்குத் தெரியாது. ஒரு வரி மட்டும் நீங்க கட்டினதா இருக்க முடியாது. பானை நிமிர்ந்து நின்னுதுன்னு எழுதியிருந்தீங்க. எப்படின்னு உங்களுக்கே புரியலைன்னும் எழுதியிருந்தீங்க. பூனை பாய்ஞ்சா பானை உருளும் மாமா. எந்தப் பூனை பானையை நிமித்தி வச்சுட்டுப் போகும்?

சாய்ச்சு வச்சிருந்த பானையை, தூங்குதுன்னு நினைச்சு, என் பொண்ணு நிமித்தியிருக்கா. கீழே இருந்த சட்டி அவ மேலயே கவுந்திருக்கு. கை சுட்டும் விடல. நிமித்தி முடிச்சிருக்கா. முடிச்சுட்டு, கை தட்ட ஆள் இருக்கான்னு பார்த்திருப்பா.

இந்தக் கடிதத்தை எடுத்துட்டுப் போக வந்த ஜமால் அண்ணன்கிட்டக் கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கிட்டே, "வாசல்ல என்கிட்டதான்மா பேசிக்கிட்டிருந்தார். மந்திரி வீட்டுக் கல்யாணக் கதை. பாதியில சத்தம் கேட்டுச்சு"ன்னார்.

உங்களை மட்டும் சொல்லல. வீடியோ பார்த்துட்டு நானும்தான் கை தட்டினேன். கடையே தட்டுச்சு.

இப்ப கேளுங்க. அத்தையும் சோறு வடிக்கிறவங்கதான். விறகு அடுப்புப் பக்கத்துல, தரையில, பெரிய பானையில. "எங்க வீட்டுல பூனையே கிடையாது, தைரியமா அனுப்பு"ங்கிறாங்க. பயம் போய்ட்டா இவ மறுபடியும் எழுப்பப் போவா மாமா. அங்கே பார்த்து நிறுத்துறதுக்கு யாருக்கும் விஷயமே தெரியாது, ஏன்னா எல்லாரும் பூனையைத்தான் தேடுவாங்க. மஸ்கட்ல இருந்து ராத்திரி பேசினப்ப அவர்கிட்டயும் சொன்னேன். "முதல்ல பூனை, இப்ப இது. பிள்ளையை அனுப்ப மனசில்லாம நீயும் உங்க மாமாவும் சேர்ந்து கதை கட்டுறீங்க"ன்னு போனை வச்சுட்டார்.

எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

பானு


ஸ்ரீரங்கம்
23.7.2025

பானு,

பதில் வேண்டாம்னு எழுதியிருந்த. மன்னிச்சுக்க, எழுதுறேன்.

பூனை இல்லை.

நான் பக்கத்துல இல்லை. வாசல்ல இருந்தேன். சத்தம் கேட்டு உள்ள ஓடினேன். ஒரு சொட்டுக் கஞ்சியும் என் மேல படலை. பானை நிமிர்ந்து நின்னதைப் பார்த்தப்பவே உள்ளுக்குள்ள எனக்கு ஏதோ உறுத்துச்சு. அதை யோசிக்காம இருக்கிறதுக்காகத்தான் பூனையைப் பெரிசாக்கிக்கிட்டே போனேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் தொட்டியம் போனேன். பஸ்ஸுல மூச்சு விட இடமில்லாத கூட்டம். இல்லை, சாதாரணக் கூட்டம்தான், முசிறியிலேயே உட்கார இடம் கிடைச்சுது.

சம்பந்தி அம்மா அடுப்படியில இருந்தாங்க. உள்ளே போனதும் நான் பார்த்தது அதைத்தான். விறகு அடுப்புக்குப் பக்கத்துல, தரையில, பானை சாய்ஞ்சிருக்கு. கஞ்சி ஆவி பறக்குது. அவங்க அப்படியே விட்டுட்டு வாழைத்தோட்டத்துல யாரோ கூப்பிடுறாங்கன்னு கொல்லைக்குப் போயிட்டு வந்தாங்க. ஜன்னலுக்கெல்லாம் புதுசாக் கம்பிவலை. "பூனைக்காகத்தான் சம்பந்தி அடிச்சேன்"ன்னாங்க.

நான் சொன்னேன். முழுசும் சொன்னேன். வாசல்ல நின்னு கதை பேசினதையும் சொன்னேன்.

"அப்ப ஆஸ்பத்திரியில இத்தாம் பெரிய பூனைன்னு கையை விரிச்சுக் காட்டுனீங்களே?"

"பொய்ம்மா."

"கன்னுக்குட்டி உசரம்னீங்களே?"

"பொய்."

"மந்திரி வீட்டுக் கல்யாணத்துல சமைச்சேன்னு சொன்னது?"

அதையும் சொல்லிட்டேன். அங்கே நான் தண்ணி ஊத்துற ஆளாப் போயிருந்தேன். மாஸ்டர் வேற ஒருத்தர்.

"ஏன் சம்பந்தி, இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய், இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்புறது? பிள்ளையை எங்கிட்ட விடக்கூடாதுன்னு புதுசா ஒண்ணு ஜோடிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க. நான் நாலு பிள்ளையை இந்தப் பானைக்குப் பக்கத்துலதான் வளர்த்தேன். சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னாங்க. சத்தியம் பண்ணினேன். "சத்தியமும் நிறையப் பண்ணியிருக்கீங்க"ன்னாங்க. சாப்பிடாம வந்துட்டேன்.

என் வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை கூட்டாம சொன்னேன் பானு. எடுபடலை. திரும்பி வர்ற வழியெல்லாம் காவிரியையே பார்த்துக்கிட்டு வந்தேன். இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது என் வாயாலதான்.

பலகைக் கதவைக் கழட்டிட்டேன். நீ சொன்னது சரி. நான் வெளிய நின்னு அதைப் பார்த்தேன், எனக்கே ஏறணும்னுதான் தோணுச்சு.

அங்கே அனுப்பாத. எங்கிட்டயும் அனுப்பாத. வேற என்ன வழின்னு எனக்குத் தெரியலை. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, என்ன சொன்னாலும் செய்யறேன்.

ரெங்கராஜ்


திருச்சி
27.7.2025

மாமா,

அத்தை நம்பல. நான் நம்புறேன். இந்தக் கடிதத்துல நீங்க ஜெயிக்கிற இடம் ஒண்ணுகூட இல்ல, அதனால நம்புறேன்.

நாளையிலிருந்து இங்கே வாங்க. என் வீட்டுல, என் அடுப்புல. கதவே இல்லாத இடத்துலதான் பார்க்கணும். பேட்ரிசியா அக்காவுக்கு இன்னும் நாலு நாள் லீவு இருக்கு, கூடவே இருப்பாங்க. அதுக்கப்புறம் சாயந்திரம் ஆபீஸ் விட்டு வந்ததும், நான் வர்ற வரைக்கும் அவங்க பார்த்துக்குவாங்க.

சோறு குக்கர்லதான். கோவம் வந்தா வரட்டும், குழைஞ்ச சோறே தின்னலாம். அவ தலை உசரத்துக்குக் கீழே சூடா எதுவும் இருக்கக் கூடாது, தரையில இருக்கவே கூடாது. எதையும் சாய்ச்சு வைக்காதீங்க. வாணலிக் கைப்பிடி சுவத்துப் பக்கம் திரும்பியிருக்கணும். அடுப்புல ஏதாவது இருக்கும்போது வாசல்ல யார் கூப்பிட்டாலும், சாமியே தேர்ல வந்தாலும், அடுப்பை அணைச்சுட்டுத்தான் திரும்பணும்.

அவ பக்கத்துல வந்தா "போ"ன்னு சொல்லாதீங்க. தண்ணிக்குடத்துக்கு இந்தப் பக்கம் பாய் போட்டிருக்கேன், அது அவ இடம். கறிவேப்பிலை உருவுறது, அவரைக்காய் நார் எடுக்கிறது, இப்படி நிஜமான வேலை குடுங்க. பொம்மை வேலை குடுத்தா கண்டுபிடிச்சிடுவா. எதைத் தொடுறதுக்கு முன்னாலயும் "சூடா?"ன்னு கேட்கச் சொல்லிக் குடுங்க. நீங்களும் கேளுங்க, பச்சைத்தண்ணி டம்ளரைத் தொட்டாலும் கேளுங்க.

இன்னொண்ணு. கை தட்டாதீங்க. அந்தக் கைதட்டலுக்காகத்தான் அவ பார்க்காம ஓடினா.

அத்தை ஆடிப்பெருக்கு அன்னைக்கு வர்றாங்க. திங்கட்கிழமை ஒரு நாள் கூட இருந்து பாருங்கன்னு கேட்டிருக்கேன். நாம ரெண்டு பேரும் எவ்வளவு பேசினாலும் இனிமே அவங்க காதுல ஏறாது, கண்ணால பார்க்கட்டும். அதுக்கப்புறமும் கூட்டிட்டுப் போறேன்னா நான் தடுக்கிறதா இல்ல. தடுக்கிறதுக்கு எனக்குத் தெம்பும் இல்ல. குழலியோட பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டேன்.

உங்க குரலைக் கேட்டா அழுவா. பேசாம வந்து, பேசாம வெங்காயம் உரிங்க.

பானு


மலைக்கோட்டை, உன் வீடு
4.8.2025

பானு,

நீ கடையில இருந்து வர்றதுக்குள்ள ஜமால் ஆட்டோ வந்துடும், நான் கிளம்பணும். அதோட, நீ எழுதித்தான் குடுக்கச் சொன்ன. அதனால எழுதி, அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டுப் போறேன். பேட்ரிசியா அம்மா குழலிகிட்ட இருக்காங்க.

இந்த ஒரு வாரமா உன்கிட்ட எதுவும் சொல்லலை, சொல்றதுக்கு எதுவும் இல்லை. முதல் நாள் கட்டிலுக்கு அடியில இருந்து அவ கண்ணு மட்டும் தெரிஞ்சுது. நான் வாயே திறக்கலை. டம்ளரைத் தொடும்போது "சூடா?"ன்னு எனக்கு நானே கேட்டுக்கிட்டேன், பேட்ரிசியா அம்மா பைத்தியமோன்னு பார்த்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு பாய் ஓரம் வரைக்கும் வந்தா. சனிக்கிழமை ஒரு கொத்து கறிவேப்பிலை உருவினா. விசில் அடிச்சதும் ஓடிட்டா.

இன்னைக்கு சம்பந்தி அம்மா காலையில இருந்தே கட்டில்ல உட்கார்ந்திருந்தாங்க. குழலி பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. குக்கர் வச்சேன். குழலி பாய்ல உட்கார்ந்து அவரைக்காய் நார் எடுத்தா. விசில் வந்துச்சு. எழுந்து ஓடி அவங்க அப்பாயி மடியில விழுந்துட்டா. முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அடுப்பை அணைச்சுட்டு அப்படியே நின்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு அவளாவே இறங்கி வந்து அவரைக்காய்த் தட்டை இழுத்துக்கிட்டா.

அப்புறம்தான் அது நடந்துச்சு. சம்பந்தி அம்மா சும்மா உட்கார முடியாம, கழுவ வேண்டிய ஏனத்தைக் கழுவினாங்க. அரிசி களைஞ்ச குண்டானைக் கழுவி, தண்ணி வடியட்டும்னு தரையில, சுவத்துல சாய்ச்சு வச்சுட்டாங்க. காலி ஏனம், சூடு இல்லை. அவங்க கைப்பழக்கம், யோசிச்சு வைக்கலை. வச்சுட்டுத்தான் அவங்களுக்கே புரிஞ்சுது. எடுக்கப் போனாங்க, அதுக்குள்ள குழலி பார்த்துட்டா.

ரெண்டு கையும் முதுகுக்குப் பின்னால போயிடுச்சு. நீ எழுதின மாதிரியேதான். சம்பந்தி அம்மா என்னைப் பார்க்கிறாங்க. நான் அன்னைக்குத் தொட்டியத்துல சொன்னது நிஜம்னு அவங்களுக்கு அந்த நிமிஷம் தெரிஞ்சுது. எனக்கு அதைப் பத்தி சந்தோஷம் எதுவும் வரலை.

ஒருத்தரும் அசையலை. குழலி குண்டானையே பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம் திரும்பி, "மாமாத்தா, சூடா?"ன்னு கேட்டா.

அடிபட்டதுக்கு அப்புறம் அவ என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. "இல்லடா, பச்சைத்தண்ணிதான்"னேன். அவ நம்பலை. "அப்பாயி, சூடா?"ன்னு அவங்களையும் கேட்டா. "இல்ல சாமி"ன்னாங்க. ஒரு விரலை மட்டும் வச்சுப் பார்த்தா. எடுத்தா. மறுபடி வச்சா. அப்புறம் ரெண்டு கையாலயும் புடிச்சு நிமிர்த்தி வச்சா.

வச்சுட்டு என் மூஞ்சியைப் பார்த்தா.

நான் கை தட்டலை. கையை அக்குளுக்குள்ள வச்சு அமுக்கிக்கிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, மறுபடி போய் அவரைக்காய் உரிக்க உட்கார்ந்துட்டா.

சம்பந்தி அம்மா முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "வெங்காயம்"ன்னாங்க. நான் அதுவரைக்கும் வெங்காயமே நறுக்கலை. சொல்லலை.

மத்தியானம் ரசத்துல பிசைஞ்ச சோறு ரெண்டு வாய் வாங்கினா. நல்லா ஆற வச்சுத்தான் குடுத்தேன். மூணாவது வாய் துப்பிட்டா. சோறு குழைஞ்சுதான் போச்சு, நானா இருந்தாலும் துப்பியிருப்பேன்.

சம்பந்தி அம்மா நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாங்க. அவங்க பையை மட்டும்தான் எடுத்துட்டுப் போனாங்க. படியில இறங்கும்போது என்னைப் பார்த்து, "சம்பந்தி, வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா நானும் ஒரு குக்கர் வாங்கணும்"ன்னாங்க. குழலி பையை மறுபடி கட்டிலுக்கு அடியிலேயே வச்சுட்டாங்க. நீ வந்து பிரிச்சுக்க. நான் தொடலை.

கீழே ஜமால் ஹாரன் அடிக்கிறான். பாலம் தாண்டுற வரைக்கும் "என்ன மாஸ்டர், இன்னைக்கு என்ன கதை?"ன்னு கேட்டுக்கிட்டே வருவான்.

இதை அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.

மாமா